அன்னக்கொடிக்கு நோயில்லை

எண்பத்தாறாம் வருஷம் மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. வந்தவுடன் அதற்குச் செய்த முதல் மரியாதை, ஆபரேஷன் தியேட்டரில் இருந்த ஏசியைக் கழற்றி அதன் அறையில் மாட்டியதுதான். டாக்டர்களுக்கு வேர்த்தால் துடைத்துக்கொள்ளக் கை இருக்கிறது, கம்ப்யூட்டருக்குக் கை கிடையாது என்று கண்காணிப்பாளர் விளக்கம் சொன்னார். அந்த விளக்கத்தில் யாராலும் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. அறைக்குத் தரைவிரிப்பு வந்தது, கதவுக்குப் பச்சைத் திரை வந்தது, வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பலகை வந்தது. பிரசவ வார்டில் கட்டிலுக்கு இரண்டு பேராகப் படுத்திருந்தார்கள். அது பழைய ஏற்பாடு என்பதால் அதற்குப் பலகை எதுவும் வைக்கவில்லை.

திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே ஆஸ்பத்திரி ஜீப் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு மேற்கத்திக் கிராமங்களைச் சுற்றியது. உசிலம்பட்டிச் சந்தையில் கண்காணிப்பாளரே ஜீப்பில் ஏறி நின்று பேசினார்.

"இனிமேல் நீங்கள் வாயைத் திறக்கவே வேண்டாம். தலைவலி, வயிற்றுவலி என்று புலம்ப வேண்டாம். பேசாமல் வந்து நில்லுங்கள். உங்களுக்கு என்ன செய்கிறது என்பதைக் கம்ப்யூட்டர் சொல்லிவிடும்."

அரசாங்கத்தார் பேசுவது ஜனங்களுக்கு அவ்வளவு லேசில் புரியாது. இது மட்டும் ஒரு எழுத்து மிச்சமில்லாமல் புரிந்தது. காரணம் கோடாங்கி. அந்தப் பக்கத்தில் வீட்டில் ஒரு கஷ்டம் என்றால் கோடாங்கியிடம் குறி கேட்கப் போவார்கள். வெற்றிலையையும் எலுமிச்சம்பழத்தையும் வைத்துவிட்டு வாயை மூடி உட்கார்ந்துகொள்வார்கள். உடுக்கை அடித்து, வந்தவர்களுக்கு என்ன குறை என்று அவர்தான் முதலில் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் சக்தியுள்ளவர். "என்ன விஷயமா வந்தீக?" என்று கேட்டுவிட்டால் ஒன்று அவர் போலி, இல்லையென்றால் வந்தவர்களைச் சோதிக்கிறார். இரண்டுக்கும் பதில் சொல்லக் கூடாது. சொன்னால் குறி கெட்டுப் போகும். ஆகவே ஆஸ்பத்திரிக்கு உடுக்கை இல்லாத ஒரு கோடாங்கி வந்திருப்பதாக ஊர் ஊராகப் பேசிக்கொண்டார்கள்.

தவசிக்கும் அது காதில் விழுந்தது. உசிலம்பட்டிக்கு மேற்கே மானாவாரியில் பருத்தி போடுகிறவர் அவர். அவர் மனைவி அன்னக்கொடிக்குப் பருத்தி எடுக்கும்போது காலில் கருவேல முள் ஏறிவிட்டது. ஊக்கால் நோண்டி எடுத்தாள், விளக்கெண்ணெய் தடவினாள், மறுபடியும் பருத்திக்குப் போனாள். பாதம் வீங்கியது, பிறகு கறுத்தது. உசிலம்பட்டி டாக்டர் பார்த்துவிட்டு மறைக்காமல் சொன்னார். சீழை வெட்டியெடுத்துச் சுத்தம் செய்தால் கால் பிழைக்கும், நாளைக் கடத்தினால் காலே போகும், மதுரைக்கு உடனே போங்கள் என்றார்.

தவசிக்குப் பெரிய பயம் இல்லை. மதுரையில் அவருக்கு ஆள் இருந்தது. அன்னக்கொடியின் தம்பி கருத்தக்கண்ணன் அதே ஆஸ்பத்திரியில் வார்டு அட்டெண்டர். தாய் இல்லாத அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அன்னக்கொடிதான். வாக்கப்பட்டு வந்தபோது அவனையும் கையோடு கூட்டி வந்தாள். பத்தாவது வரைக்கும் அவன் தவசி வீட்டுச் சோற்றைத் தின்றுதான் படித்தான். சொந்தப் பிள்ளை ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தால் எப்படிப் போவார்களோ அப்படித்தான் இருவரும் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் பஸ் ஏறினார்கள்.

அவர்கள் போய்ச் சேர்ந்த அன்றுதான் திறப்பு விழா. வாழைமரம் கட்டியிருந்தது. கருத்தக்கண்ணன் ஓடி வந்து அக்காளைக் கைத்தாங்கலாக இறக்கினான். அவனுக்கு அப்போதுதான் கம்ப்யூட்டர் அறை உதவியாளர் என்ற பதவி கிடைத்திருந்தது. வாசலில் செருப்புகளைப் பார்த்துக்கொள்வதும் திரையை விலக்கி விடுவதும் வேலை.

"மந்திரிக்கு முன்னால மொத ஆளா அக்காவ நிறுத்தப் போறேன் மச்சான். மொத ஆளுன்னா சும்மாவா? அம்புட்டு டாக்டரும் ஓடி வருவாக."

தவசிக்குக் கண் கலங்கியது. மாப்பிள்ளை இப்படி ஒரு உயரத்துக்கு வருவான் என்று அவர் நினைத்ததில்லை.

காலில் இருந்து நாற்றம் வந்தது. மந்திரி முகம் சுளித்துவிடக் கூடாது என்று கருத்தக்கண்ணனே அக்காளின் காலைக் கழுவி, வெள்ளைத் துணியால் இறுகக் கட்டி, பவுடர் தூவினான். சேலைக் கொசுவத்தை இறக்கிவிட்டு, துணி வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னான். கொஞ்சம் நொண்டாமல் நடந்தால் நல்லது என்றும் சொன்னான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். தம்பிக்குப் பெருமை சேரும் என்றால் தீயில்கூட நடந்திருப்பாள்.

அறைக்குள் மார்கழி மாதிரிக் குளிர்ந்தது. கம்ப்யூட்டருக்கு மாலை போட்டிருந்தது, நெற்றி என்று தோன்றிய இடத்தில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. அன்னக்கொடி கையெடுத்துக் கும்பிட்டாள். மெட்ராசில் பயிற்சி எடுத்து வந்திருந்த ஒரு பெண் அதன் முன்னால் உட்கார்ந்து, ஊரையும் பேரையும் கேட்டு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். பிறகு நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"என்னம்மா செய்யுது உங்களுக்கு?"

அன்னக்கொடி தவசியைப் பார்த்தாள். சோதிக்கிறார்கள் என்று தவசி கண்ணாலேயே சொன்னார். இருவரும் பேசவில்லை. அந்தப் பெண் மறுபடியும் கேட்டாள். அன்னக்கொடி உதட்டை இன்னும் இறுக்கிக்கொண்டாள். மந்திரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கண்காணிப்பாளர் குனிந்து ஏதாவது ஒன்றை அடித்துத் தொலைக்கும்படி பல்லிடுக்கில் சொன்னார். கட்டத்தைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் அடுத்த வரிக்குப் போகாது. அந்தப் பெண்ணும் பாவம், நோயாளி சொன்னதையே அடித்தாள். அதாவது, குறை எதுவும் சொல்லவில்லை என்று அடித்தாள்.

பக்கத்து மேஜையில் இருந்த இயந்திரம் கிறீச்சிட்டுக்கொண்டே இரு ஓரமும் துளை போட்ட ஒரு தாளை வெளியே தள்ளியது. கண்காணிப்பாளர் அதைக் கிழித்து உரக்க வாசித்தார். "குறை எதுவும் இல்லை. உடல்நிலை நலம்." வாசித்த பிறகு அவருக்கே மெய்சிலிர்த்தது. மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு நோயாளி உள்ளே வந்தார். ஒரே நிமிடத்தில் ஆரோக்கியமாகிவிட்டார். ஊசி போடவில்லை, மாத்திரை கொடுக்கவில்லை, ஒரு டாக்டர் கூடத் தொடவில்லை. எங்கள் கனவெல்லாம் இப்படி ஒரு மருத்துவமனைதான்."

மந்திரி கை தட்டினார். மந்திரி தட்டியதால் எல்லோரும் தட்டினார்கள். அன்னக்கொடிக்குச் சால்வை போர்த்திப் போட்டோ எடுத்தார்கள். கால் அவ்வளவு முக்கியமில்லை என்பதால் இடுப்புக்கு மேலே எடுத்தார்கள்.

குறி தப்பிவிட்டது என்று தவசிக்கு வெளியே வந்ததும் புரிந்தது. அதனால் என்ன, கோடாங்கிகூட ஒவ்வொரு நாள் தப்பாகச் சொல்வதுண்டு, வேறு ஆளைப் பார்க்கலாம் என்று நினைத்து, அறுவை சிகிச்சை வார்டில் இருந்த இளம் டாக்டரிடம் போய்க் காலை அவிழ்த்துக் காட்டினார். டாக்டர் முகம் மாறிவிட்டது. உடனே சேர்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். கட்டில் ஒதுக்கும் இடத்தில் கம்ப்யூட்டர் தாளைக் கேட்டார்கள். நலமாக இருப்பவருக்குக் கட்டில் எதற்கு என்று திருப்பி அனுப்பினார்கள். இன்னொரு முறை கம்ப்யூட்டரில் பதியலாமா என்றால், ஒரு ஆளுக்கு ஒரு பதிவுதான், திருத்துவதற்கு மெட்ராசிலிருந்து உத்தரவு வர வேண்டும் என்றார்கள். டாக்டர் தானே எழுந்து கண்காணிப்பாளரைப் பார்க்கப் போனார். திரும்பி வரும்போது தலை குனிந்திருந்தது.

"கால் கெட்டுக்கிட்டு இருக்குன்னு எனக்குத் தெரியுதுய்யா. நேத்து வரைக்கும் எனக்குத் தெரிஞ்சா போதும். இன்னைலருந்து அதுக்குத் தெரியணுமாம்."

உத்தரவு வரும்வரை வராந்தாவில் படுத்துக்கொள்ளலாம் என்று அவர்களாகவே முடிவு செய்தார்கள். ஊருக்குப் போய்த் திரும்பினால் உத்தரவு வரும் நேரத்தில் ஆள் இல்லாமல் போய்விடும். டாக்டர் தன்னால் முடிந்தவரை, போகிற வருகிற நேரத்தில் புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டார். ஆனால் நலமாக இருப்பவர்கள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டுமானால் பார்வையாளர்களாகத்தான் இருக்க முடியும். பார்வை நேரம் முடிந்ததும் காவலாளி வந்து தடியால் தட்டி, யாரைப் பார்க்க வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"எங்களத்தாண்ணே பாக்க வந்தோம்" என்றார் தவசி.

காவலாளி சட்டத்தை யோசித்துப் பார்த்தார். தங்களைத் தாங்களே பார்க்க வந்தவர்களுக்கு விதி இல்லை. ஆகவே ராத்திரிக்கு வெளியே போய், காலையில் மறுபடியும் தங்களைப் பார்க்க வரலாம் என்று அனுமதித்தார். அன்னக்கொடி தினமும் அந்த வாசலைத் தாண்டி ரோட்டோரத்துக்கும், ரோட்டோரத்திலிருந்து வராந்தாவுக்கும் தவழ்ந்தாள்.

ஒருநாள் ஒரு நர்ஸ் சிரித்த முகத்தோடு தேடி வந்தார். ஆரோக்கியமானவர்கள் என்று கம்ப்யூட்டர் அத்தாட்சி கொடுத்தவர்களிடமிருந்துதான் ரத்தம் எடுக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்திருந்தது. ஆஸ்பத்திரி முழுவதும் அதுவரை அப்படி ஒரு அத்தாட்சி உள்ளவர் அன்னக்கொடி ஒருத்திதான். தவசி தன் கையை நீட்டினார். அவருக்கு அத்தாட்சி இல்லை என்று நர்ஸ் வருத்தத்தோடு போய்விட்டார். அடுத்து குடும்பக் கட்டுப்பாடு முகாம்காரர்கள் வந்தார்கள். அவர்கள் வார்டில் கட்டில் காலியாக இருந்தது. ஆரோக்கியமான பெண்களுக்கு மட்டும்தான் கட்டில். படுக்க இடம் கிடைத்தால் போதும் என்று அன்னக்கொடி ஒப்புக்கொண்டாள். மெத்தையில் ஒரு ராத்திரி தூங்கினாள். காலையில் பெரிய டாக்டரம்மா போர்வையை விலக்கிக் காலைப் பார்த்துவிட்டு, இவ்வளவு நோய் உள்ளவளை ஆஸ்பத்திரியில் எப்படிச் சேர்த்தீர்கள் என்று சத்தம் போட்டார். உடனே வெளியேற்றிவிட்டார்கள்.

அதன் பிறகு மேற்கிலிருந்து வந்த பஸ் ஒவ்வொன்றிலும் ஜனங்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். பேரையூர்க்காரர்களும் வந்தார்கள். எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு, கும்பிட்டுவிட்டு, வாயை இறுக மூடிக்கொண்டு நின்றார்கள். எல்லோருக்கும் நலம் என்று தாள் வந்தது. காமாலைக்கு நலம், காசத்துக்கு நலம். வராந்தாவில் நலமானவர்களின் கூட்டம் பெருகியது. வார்டுகளில் கட்டில்கள் காலியாயின. ஜில்லாவிலேயே நோய் குறைந்துவிட்டதைக் கம்ப்யூட்டர் கண்டுபிடித்திருப்பதாகக் கண்காணிப்பாளர் மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் பாராட்டி எழுதியது. தவசி அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவரிடமும் போய், அது குறி சொல்லவில்லை, கேட்டால் வாயைத் திறந்து சொல்லுங்கள் என்று மன்றாடினார். சிலர் கேட்டார்கள். பலர், தன் பெண்டாட்டிக்கு மட்டும் சால்வை வாங்கிக்கொண்டு மற்றவர்களைக் கெடுக்க வந்துவிட்டான் என்று பேசினார்கள்.

அன்னக்கொடியின் கறுப்பு கணுக்காலைத் தாண்டியபோது இளம் டாக்டர் விடாப்பிடியாக நின்று ஒரு விசாரணைக்கு ஏற்பாடு செய்தார். அன்று நடந்ததைக் கூட இருந்த ஆஸ்பத்திரி ஆள் ஒருவர் சொன்னால் போதும், நோயோடுதான் வந்தாள் என்று எழுதி, மெட்ராஸ் உத்தரவு இல்லாமலே சேர்த்துவிடலாம் என்றார். தவசிக்கு உயிர் வந்தது. கூட இருந்தவன் கருத்தக்கண்ணன். காலைக் கழுவிக் கட்டியவனே அவன்தான். விசாரணைக்கு முந்தின நாள் அவனைப் பிடித்துக் கேட்டார். இத்தனை நாளும் அக்கா பக்கம் வர நேரமில்லாமல் அலைந்தவன், தவசியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"அக்காவுக்கு நான் சொல்லாம வேற யாரு மச்சான் சொல்லுவா? நீங்க கவலைப்படாம வாங்க."

விசாரணை கம்ப்யூட்டர் அறையில் நடந்தது. வெயில் காலமானதால் கண்காணிப்பாளர் அங்கேதான் இருந்தார். அன்னக்கொடியை உள்ளே விடவில்லை. திரைக்கு வெளியே, செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். கண்காணிப்பாளர் முதலில் தவசிக்கு நிலைமையைப் பொறுமையாக விளக்கினார்.

"உன் வீட்டம்மாவுக்கு நோய் இருந்தது என்று நான் எழுதினால், மந்திரி கை தட்டியது எதற்கு என்று ஆகிவிடும். பதிவைத் திருத்தலாம். தட்டின கையைத் திருத்த முடியுமா? மனிதர்களுக்கு நோய் வரும், போகும். ஒரு நிர்வாகத்துக்கு அவமானம் வந்தால் போகாது."

பிறகு கருத்தக்கண்ணனைக் கூப்பிட்டார். அன்றைக்கு இந்த அம்மாள் நொண்டினாளா, காலில் கட்டு இருந்ததா, இருந்தால் யார் கட்டியது, யார் மறைத்தது என்று கேட்டார். கடைசிக் கேள்வியை நிறுத்தி நிதானமாகக் கேட்டார். உதவியாளர் பதவியை நிரந்தரமாக்கும் காகிதத்தில் அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்பது கருத்தக்கண்ணனுக்குத் தெரியும்.

"நல்லாத்தான் நடந்து வந்தாங்கய்யா. கட்டு எதுவும் நான் பாக்கல."

"இவங்க உனக்குச் சொந்தம்னு சொல்றாங்களே?"

"இல்லீங்கய்யா. எங்க ஊர்ப்பக்கத்து ஆளுக, அம்புட்டுத்தான்."

திரை மெல்லியது. வெளியே எல்லாம் கேட்டது. தவசி திரும்பிப் பார்க்கத் துணியவில்லை. கம்ப்யூட்டர் நலம் என்று சொன்னபோது அவருக்குக் கோபம் வரவில்லை. அது எங்கேயோ செய்தது, யார் வீட்டுச் சாமானோ, அதற்கு அன்னக்கொடி யார்? இவன் அவர் வீட்டுச் சட்டியில் தின்றவன். அடித்திருப்பார், ஆனால் கை எழவில்லை. கருத்தக்கண்ணன் திரையை விலக்கிவிட்டான், அது அவன் வேலை. அன்னக்கொடி அவன் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். தவசியின் தோளைப் பிடித்து எழுந்தாள்.

இளம் டாக்டர் தனக்குத் தெரிந்த ஒரு சைக்கிள் ரிக்‌ஷாக்காரரை அழைத்து, ஊருக்கு வெளியே இருந்த ஒரு தர்ம ஆஸ்பத்திரிக்கு அவர்களை அனுப்பி வைத்தார். அங்கே கம்ப்யூட்டர் கிடையாது. வயதான ஒரு டாக்டர் காலைப் பார்த்துவிட்டு, இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார். ஆஸ்பத்திரியில்தான் இருந்தோம் என்றார் தவசி. மறுநாளே முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

வருஷம் ஒன்று நெருங்கியது. கருத்தக்கண்ணன் ஊருக்கு வந்தான். சாத்துக்குடியும் ஆப்பிளும் ஒரு பையில் கொண்டுவந்திருந்தான். வேலை நிரந்தரமாகியிருந்தது, உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. கம்ப்யூட்டருக்கு ஆண்டுவிழா, மந்திரி மறுபடியும் வருகிறார், முதல் ஆள் மேடையேறி நாலு வார்த்தை சொல்ல வேண்டும், கார் அனுப்புவார்கள் என்றெல்லாம் நின்றபடியே படபடவென்று சொல்லி முடித்தான். அன்னக்கொடி பருத்தி மூட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சேலை விரிந்து கிடந்ததால் அவனுக்கு முதலில் தெரியவில்லை. கட்டையை ஊன்றி அவள் எழுந்தபோதுதான் பார்த்தான்.

"கம்ப்யூட்டர்ல இன்னும் நல்லாருக்குன்னுதான்க்கா இருக்கு" என்றான்.

"இருக்கட்டும்" என்றாள் அன்னக்கொடி.

அழைப்பிதழைத் தவசி வாங்கவில்லை. அவன் அதைப் பழங்களோடு சேர்த்து ஓரத்தில் வைத்தான். போவதற்கு முன்னால், கடைக்குட்டிக்குக் காது குத்துவதற்குக் கோயிலில் நாள் பார்த்திருப்பதாகக் கேள்விப்பட்டதைத் தயங்கித் தயங்கிச் சொன்னான். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். மோதிரமும் வேட்டி துணிமணியும் தான் எடுத்து வைத்துவிட்டதாகச் சொன்னான். அன்னக்கொடி அவனை அடித்திருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் அமைதியாகச் சொன்னாள்.

"ஊர்க்காரங்க எல்லாருக்கும் சொல்லியிருக்கு. நீயும் வா தம்பி, வந்து பந்தியில உக்காந்து சாப்பிட்டுப் போ. பிள்ளைய உன் மடியில வைக்க மாட்டேன்."

ஆண்டுவிழாவும் காதுகுத்தும் ஒரே நாளில் வந்தன. மதுரையில் கண்காணிப்பாளர் பேசினார். முதல் நோயாளி இன்று வரவில்லை, காட்டில் ஓடியாடி வேலை செய்கிற அளவுக்கு ஆரோக்கியமாக இருப்பதால் அவருக்கு நேரம் கிடைக்கவில்லை, இதைவிட வேறென்ன சான்று வேண்டும் என்று கேட்டார். மந்திரி கை தட்டினார்.

கோயிலில் ஆசாரி ஊசியைத் தீட்டி வைத்துக்கொண்டு தாய்மாமன் எங்கே என்று கேட்டார். அன்னக்கொடி தரையில் உட்கார்ந்து பிள்ளையைத் தன் மடியிலேயே வாங்கிக்கொண்டாள். முட்டுக்கொடுக்க ஒரு பக்கம் கால் இல்லாததால் பிள்ளை சரிந்தது. தவசி பக்கத்தில் குந்தி, காது குத்தி முடிக்கும்வரை அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்.